அறுபது லிட்டர்

இரவு இரண்டே முக்கால். ஆள் நடமாட்டமே இல்லாத நீளச் சாலை. இரண்டு பக்கமும் இடுப்பளவு காய்ந்த புல். லாரிக்காரர்கள் ஒதுங்கி நிற்பதற்காகச் சரளை கொட்டிய ஓரம்... அன்றைக்கு அங்கே ஒரு லாரிகூட இல்லை. நின்றது ஒரே ஒரு வண்டி. அதுவும் வெறும் வண்டி இல்லை, வீட்டுவண்டி. உள்ளே கட்டில், அடுப்பு, கைகழுவும் தொட்டி, குளியலறை எல்லாம் வைத்த பதினெட்டு வருஷத்துப் பழைய வண்டி. அதற்குள் அறுபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி. தன்னந்தனியாக.

டுர்ர்ர்ர்ர்...

நான்கு விநாடி. நின்றுவிட்டது.

விளக்கு எரியட்டும், அணைக்க வேண்டாம். இருட்டில் சொன்னால்தான் எடுபடும் என்கிற ரகம் இல்லை இது. என் சிநேகிதியுடைய பெரியம்மாவுக்கு நடந்தது. சிநேகிதி எனக்குச் சொன்னது பட்டப்பகலில், பல் டாக்டர் வீட்டு வரிசையில் உட்கார்ந்துகொண்டு. சொல்லி முடித்தபோது எனக்குப் பல்வலியே மறந்துபோயிருந்தது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... அவ்வளவு போதும்.

அந்தச் சத்தம் எதுவென்று பெரியம்மாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. தண்ணீர்ப் பம்பு. வீட்டில் மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் தானாக இறங்கிவிடும். வீட்டுவண்டியில் அப்படி இல்லை. கட்டிலுக்கடியில் டேங்க், பக்கத்திலேயே கையடக்கமான பம்பு. குழாயைத் திறந்தால் பம்பு ஓடும், மூடினால் நிற்கும். யாரும் திறக்காமல் ஓடாது. ஓடக்கூடாது.

எழுந்து விளக்கைப் போட்டாள். குழாய் மூடியிருந்தது. தொட்டியில் ஈரம் இல்லை. 'கிழட்டு வண்டி, எங்கேயோ கசிகிறது' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படுத்தாள். ஆனால் தூக்கம் வரவில்லை. நான்கு விநாடி பம்பு ஓடினால் எவ்வளவு தண்ணீர் வரும் என்பது அவளுக்குத் தெரியும்.

ஒரு டம்ளர்.

இனி நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பெரியப்பா முப்பத்தோரு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவர். ஒரே வழித்தடம். போகப் பதினொரு கிலோமீட்டர், வரப் பதினொரு கிலோமீட்டர். "உலகத்தையே பல தடவ சுத்துற தூரம் ஓட்டிட்டேன், ஆனா மார்க்கெட்டைத் தாண்டினதில்ல" என்று சொல்லிச் சிரிப்பார். பிள்ளை குட்டி இல்லை. பெரியம்மா, திரைச்சீலையும் மெத்தை உறையும் தைத்துக் கொடுக்கிற கடையில் தையல்காரி. அவர் ஓய்வு பெற்ற மறுமாதமே இந்த வண்டியை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். பெரியம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இது வண்டியா... இல்ல, யாரோ தலைமுழுகின சனியனா?"

சனியன்தான். கூரை ஒழுகியது. தரைப்பலகை ஒரு மூலையில் ஊறிப்போய், மிதித்தால் பஞ்சு மாதிரி அமுங்கியது. உள்ளே நுழைந்தால் ஈரக் கம்பளி நாற்றம். இரண்டு வருஷம் இரண்டு பேரும் அதனோடு மல்லுக்கட்டினார்கள். கூரை மடிப்பில் இறுகிப்போன பழைய பசையைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசினார்கள். அழுகின பலகையை அறுத்துப் போட்டுப் புதுப் பலகை இறக்கினார்கள். டேங்க், குழாய், பம்பு எல்லாம் அவர் கையாலேயே மாட்டியது. மெத்தை, திரை எல்லாம் அவள் தைத்தது. அவர் வண்டிக்கடியில் மல்லாந்து கிடப்பார், டார்ச் பிடிப்பது அவள் வேலை.

"எங்க பாத்துக்கிட்டு இருக்க? வெளிச்சம் என் மூஞ்சில அடிக்குது. நட்டுல காட்டு."

"மூஞ்சியப் பாத்து நாளாச்சேன்னு அடிச்சேன்."

இப்படி டார்ச் பிடித்துப் பிடித்தே அவள் பாதி மெக்கானிக் ஆகிவிட்டாள்.

முதல் பயணம் கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது பெரியப்பாவுக்கு மூச்சு வாங்கியது. இதயம் பலவீனமாகிவிட்டது என்றார்கள். கால் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. டாக்டர் மாத்திரையோடு ஒரு கட்டளையும் போட்டார். "நாளைக்கு முக்கால் லிட்டர்தான். டீ, பால் எல்லாம் சேர்த்து. அதுக்கு மேல ஒரு வாய்கூடக் கூடாது."

வீடு மாடியில். படி ஏற முடியவில்லை. அதனால் வாசலில் நின்ற வண்டியிலேயே அவருக்குப் படுக்கை. முன்பக்கம் சீட்டை மடக்கிப் போட்டு அவள் படுத்தாள். பகலெல்லாம் அளவுக்கோடு போட்ட பாட்டிலிலிருந்து வாய் வாயாகக் கொடுப்பாள். கடுமையான வெயில் காலம் வேறு. நாக்கு வறண்டு, பேச்சே ஒட்டிக்கொண்டு வரும் அவருக்கு.

ஒரு நாள் நடுராத்திரியில் பம்பு ஓடியது. விழித்துப் பார்த்தாள். இருட்டில், தொட்டியைப் பிடித்துக்கொண்டு, டம்ளரோடு நின்றார். திருடன் அகப்பட்டுக்கொண்ட மாதிரி ஒரு முழி.

"என்னங்க இது? சின்னப் புள்ளையா நீங்க?"

"ஒரு வாய்தான்டி. தொண்டை எரியுது."

மறுநாளிலிருந்து படுக்கப் போகும்முன் பம்பின் சுவிட்சை அணைத்துவிட்டுப் படுத்தாள். அவர் நல்லதற்குத்தான். அதற்கு நான்காவது நாள் விடியலில் அவர் போய்விட்டார். தூக்கத்திலேயே போனார், கஷ்டப்படவில்லை என்று எல்லாரிடமும் சொன்னாள்.

வண்டியை விற்றுவிடச் சொன்னார்கள். என் சிநேகிதியும் சொன்னாள். "பெரியம்மா, அதைப் பாக்கப் பாக்க உங்களுக்குத்தான் கஷ்டம்." பெரியம்மா கேட்கவில்லை. எட்டு மாதம் கழித்து, பாக்கி வேலையை எல்லாம் தானே செய்தாள். கதவு ரப்பரை மாற்றினாள். கூரையில் சோலார் தகடு ஏற்றினாள். இரண்டாவது பேட்டரி வைத்தாள். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, வண்டிக்கடியில் மல்லாந்து, தனியாக. பிறகு ஒரு நாள் டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அந்த முதல் இரவுதான் நான் ஆரம்பத்தில் சொன்னது.

இரண்டாம் இரவும் ஓடியது. அதே இரண்டே முக்கால். நான்கு விநாடி. மூன்றாம் இரவும்.

அவள் பயப்படவில்லை. எரிச்சல்தான் பட்டாள். கோளாறு என்றால் காரணம் இருக்கும், காரணம் என்றால் கைக்கு அகப்படும். அப்படித்தான் அவர் சொல்லுவார். பழக்கமான பட்டறைக்காரருக்குப் போன் போட்டாள். கிரீஸ் என்றால்தான் அவரை எல்லாருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் அவர் பட்டறைப் பலகையில்கூட இல்லை.

"யாரும் குழாயத் தொறக்கலன்னா எங்கேயோ அழுத்தம் எறங்குதும்மா. குழாய்ல மூட்டுக்கு மூட்டு டிஷ்யூ பேப்பர சுத்தி வையுங்க. காலைல எது நனைஞ்சிருக்கோ அதான் திருடன்."

பதினான்கு மூட்டு. பதினான்கிலும் பேப்பர் சுற்றினாள். ராத்திரி பம்பு ஓடியது. காலையில் பதினான்கும் மொடமொடவென்று காய்ந்திருந்தன.

வாஷரை மாற்றினாள். தண்ணீர் பின்னால் திரும்பாமல் தடுக்கிற வால்வை மாற்றினாள். ஓடியது. டேங்கில் தண்ணீர் மட்டத்துக்கு நேராக டேப் ஒட்டிவைத்தாள். காலையில் மட்டம் டேப்புக்கு நூலிழை கீழே இருந்தது. சரி, குழாய் வழியாகப் போயிருந்தால் அடியில் இருக்கிற கழிவுத் தொட்டிக்குத்தானே வந்திருக்க வேண்டும்? திறந்து பார்த்தாள். முந்தின நாள் அளவுதான். ஒரு சொட்டு கூடவில்லை.

மூன்று வாரம் கழித்து வண்டியைக் கிரீஸின் பட்டறைக்கே கொண்டுபோனாள். அவர் புதுப் பம்பு மாட்டினார்.

"இதுவும் ஓடிச்சுன்னா பம்பு மேல தப்பில்லம்மா."

"வேற யாரு மேல?"

கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். "புது பேட்டரி, கூரைல தகடு... வெயிட் ஏறியிருக்கும். எடைச் சீட்டு இல்லாம வண்டித் தகுதிச் சோதனைக்குப் போகாதீங்க."

பக்கத்திலேயே எடைமேடை, கிரீஸும் கூட வந்தார். வண்டியை மேடையில் ஏற்றிவிட்டு, அவள் இறங்கி நின்றாள். மூவாயிரத்து நூற்று எண்பது கிலோ. இந்த வண்டிக்கு அனுமதி மூவாயிரத்து நூற்று ஐம்பதுதான்.

"டேங்க் நெறைய தண்ணி வெச்சிருக்கீங்க" என்றார் கிரீஸ். "அறுபது லிட்டருன்னா அறுபது கிலோ. காலி பண்ணிட்டு நாளைக்கு வாங்க. மூவாயிரத்து நூத்தி இருவது காட்டும். சீட்டை வாங்கிட்டுப் போயிருங்க."

பெரியம்மா அன்று ராத்திரி எடைமேடைக்குக் கொஞ்ச தூரம் தள்ளி, ஒரு மூடிக்கிடந்த கிடங்கு ஓரமாக வண்டியை நிறுத்தினாள். தண்ணீரைக் காலையில் திறந்துவிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். படுக்கப் போனவள் நின்றாள். இத்தனை வாரமாக ஒரு ராத்திரிகூட முழுத் தூக்கம் இல்லை. உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. கை நீண்டது...

பம்பின் சுவிட்சை அணைத்துவிட்டாள்.

அவர் போனதற்குப் பிறகு அவள் அந்தச் சுவிட்சை அணைத்துவிட்டுப் படுத்தது அன்றுதான் முதல் தடவை.

முழிப்பு வந்தபோது மணி பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. வண்டிக்குள் ஒரு வாசனை. கால் வலிக்குத் தேய்க்கிற தைலம். அந்தப் பாட்டிலை அவள் தூக்கிப் போட்டே பல மாதம் ஆகிவிட்டது. தரைப்பலகை முனகியது. ஒரு காலை இழுத்து, வைத்து... நின்று... மறு காலை இழுத்து, வைத்து... கைகழுவும் தொட்டி வரைக்கும்.

டக்.

குழாயின் பிடியை மேலே தூக்குகிற சத்தம்.

பம்பு ஓடவில்லை. எப்படி ஓடும்? குழாய்க்குள்ளிருந்து ஸ்ஸ்ஸ்... என்று கொஞ்சம் காற்று வந்தது. அதுவும் அடங்கிவிட்டது. பிறகு ஒன்றுமில்லை. யாரோ நின்றுகொண்டு காத்திருக்கிற மாதிரி... அவ்வளவுதான்.

பெரியம்மா அசையாமல் கிடந்தாள். பயத்தினால் இல்லை. இந்தச் சத்தத்தை அவள் முன்பே ஒரு தடவை கேட்டிருக்கிறாள்.

யாரிடமும் சொல்லாத விஷயம் அது. அவர் போன அந்த ராத்திரி அவள் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. தரைப்பலகை முனகியதைக் கேட்டாள். டக் என்று பிடியைத் தூக்கியதைக் கேட்டாள். காற்று வந்து அடங்கியதைக் கேட்டாள். "தண்ணி வரலையே..." என்று அவர் ரொம்ப மெதுவாக, அவளை எழுப்பிவிடக் கூடாதே என்கிற மாதிரி, சொன்னதையும் கேட்டாள். கேட்டுவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தூங்குகிற மாதிரி கிடந்தாள். எழுந்தால் கெஞ்சுவார். கெஞ்சினால் மனசு இளகிவிடும். காலையில் பாட்டிலில் முதல் கோடு வரைக்கும் கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அப்படியே உண்மையாகவே தூங்கிவிட்டாள்.

காலையில் தொட்டிக்குக் கீழே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்த நிலையில் இருந்தார். குழாய் திறந்தே இருந்தது. அவள் முதலில் செய்தது ஆளைக் கூப்பிட்டது இல்லை. குழாயை மூடியதுதான்.

இப்போது அதே இருட்டு. அதே குழாய். அவள் எழுந்து உட்கார்ந்தாள். தொட்டிப் பக்கம் பார்க்கவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே போய்ச் சுவிட்சைப் போட்டாள்.

டுர்ர்ர்ர்ர்...

நான்கு விநாடி. ஐந்து. பத்து. நிற்கவில்லை. தண்ணீர் தொட்டியில் விழுகிற சத்தமே இல்லை. பம்பு மட்டும் ஓடியது.

"குடிங்க" என்றாள் பெரியம்மா. மறுபடி சொன்னாள். "நல்லாக் குடிங்க. நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். அன்னிக்கும் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேங்க..."

பம்பு ஓடிக்கொண்டே இருந்தது. சுவரோடு சாய்ந்து, தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அவர் போனதிலிருந்து வராத அழுகை. ஏழெட்டு நிமிஷம் இருக்கும். பம்பின் சத்தம் மாறியது. உறிஞ்சத் தண்ணீர் இல்லாமல் கரகரவென்று கத்தியது. அவள் சுவிட்சை அணைத்தாள்.

டக். குழாயின் பிடி கீழே இறங்கியது.

விடிந்ததும் பார்த்தாள். டேங்க் சுத்தமாகக் காலி. அறுபது லிட்டர். கழிவுத் தொட்டி காய்ந்து கிடந்தது. வண்டிக்கடியில் மண் பொடிப்பொடியாக இருந்தது, ஈரத்தின் சுவடே இல்லை. மெத்தை, தரை, அலமாரி எல்லாம் தடவிப் பார்த்துவிட்டாள். எங்கேயும் ஈரம் இல்லை.

காலை பதினொரு மணி வாக்கில் எடைமேடைக்குப் போனாள். நல்ல வெயில். மேடையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, கண்ணாடி அறைக்குள் போனாள். எடைக்காரர் திரையைப் பார்த்தார்.

"மூவாயிரத்து நூத்தி எம்பதும்மா. நேத்து காட்டினதேதான். டேங்கக் காலி பண்ணலையா?"

"காலியாத்தான் இருக்கு தம்பி."

"அப்ப வேற எதையாவது எறக்கி வெச்சிட்டு வாங்க."

அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. வண்டியை மேடையிலிருந்து இறக்கி, வேலியோரம் கொண்டுபோய் நிறுத்தினாள். எஞ்சினை அணைப்பதற்குள் எடைக்காரர் பின்னாலேயே ஓடி வந்தார். மூச்சிரைத்தது.

"அம்மா... யாரையாவது விட்டுட்டுப் போறீங்களா?"

பெரியம்மா எஞ்சினை அணைத்தாள்.

"இல்லம்மா... வண்டி எறங்கிருச்சு, மேடை காலி. ஆனா திரைல அறுவது நிக்குது. பட்டனை அமுக்கிப் பூஜ்யம் பண்ணிப் பாத்துட்டேன். திரும்பத் திரும்ப அறுவதுக்கே வந்து நிக்குது."

அவள் இறங்கி நடந்து வந்தாள். மேடையில் ஒரு துரும்புகூட இல்லை. வெயில் மட்டும் அடித்தது. கண்ணாடிக்கு உள்ளே திரையில் 60.

எடைக்காரர் அறைக்குள் போய்விட்டார். பெரியம்மா மேடையில் ஏறினாள். நடுவில் போய் நின்றாள். கொஞ்ச நேரம் ஏதோ பேசினாள். என்ன பேசினாள் என்று சிநேகிதி கேட்டதற்கு, "போயிட்டு வாங்கன்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல" என்றாளாம். பேசி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். உள்ளே வந்து பார்த்தபோது திரையில் பூஜ்யம்.

வண்டியை மறுபடி ஏற்றி இறங்கி நின்றாள். மூவாயிரத்து நூற்று இருபது. கிரீஸ் சொன்ன அதே எடை. சீட்டை வாங்கிக்கொண்டு, வண்டியில் ஏறிக் கிளம்பிவிட்டாள்.

இது நடந்து நான்கு வருஷம் ஆகிறது. பெரியம்மா இப்போதும் ஊர் ஊராகப் போகிறாள். பம்பு ராத்திரியில் ஓடுவதே இல்லை. "அந்த மேடைல விட்டுட்டு வந்துட்டேன்டி. தாகம் தீந்துச்சு, போயிட்டாரு" என்று சிநேகிதியிடம் சொல்லுவாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். ரெண்டே முக்கால் மணிக்கு இன்னும் முழிப்பு வருகிறதாம். எதுவும் கேட்காதா என்று கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பாளாம்.

சிநேகிதிக்குத்தான் மனசு கேட்கவில்லை. எடைச் சீட்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டிருக்கிறாள். அந்த எடைக்காரரே எடுத்தார். ஆமாம், ஞாபகம் இருக்கிறது என்றார். மேடையில் அந்தம்மா நின்றபோது திரை நூற்றுப் பத்து காட்டியதாம். அந்தம்மா பொடி உடம்பு, ஐம்பது கிலோதான் இருக்கும். இறங்கியது அந்தம்மா ஒருத்திதான். ஆனால் எண் நூற்றுப் பத்திலிருந்து நேராகப் பூஜ்யத்துக்கு வந்தது.

"இயந்திரக் கோளாறா இருக்குமோ?" என்று கேட்டிருக்கிறாள் சிநேகிதி.

"நானும் அப்படித்தாம்மா நெனச்சேன்..." என்றாராம் எடைக்காரர். "சீட்டு குடுத்தப்ப மூவாயிரத்து நூத்தி இருவது. சரியான எடை. அப்புறம் அவங்க வண்டில ஏறிக் கதவைச் சாத்தினாங்க. அம்பது கூடி மூவாயிரத்து நூத்தி எழுவது காட்டணும் இல்லையா? நான் திரையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"எவ்வளவு காட்டுச்சு?"

"மூவாயிரத்து இருநூத்தி முப்பது."